காந்த ஊசியும் தர்ஷினியும்

படகின் சுக்கான் அறையில், ஓரமாகப் போட்டிருந்த பலகை இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கைப்பை. முன்கண்ணாடி வழியாக வரும் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. அறை முழுக்க டீசல் மணமும் புதுப் பெயின்ட் மணமும். துறைமுகத்தின் கல்லணை பின்னால் போய்விட்டது. படகு மெல்ல மெல்ல ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது. கொழும்பு நகரம் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்து போகிறது.

"நோத்!" படகின் மூக்கு வடக்கைப் பார்த்ததும் வெளியே தளத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"செவன் ஈஸ்ட்!" உள்ளே திசைகாட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும் என் கணவரின் குரல். ஊசி ஏழு பாகை கிழக்கே சாய்கிறது என்று அர்த்தம்.

 அவர் விரல்நீளக் காந்தக் குச்சி ஒன்றை எடுத்து, திசைகாட்டி நிற்கும் மரப்பெட்டியின் வயிற்றிலுள்ள துளைக்குள் செருகுகிறார். கண்ணாடிக்குள் வட்டத் தட்டு தயங்கித் தயங்கித் திரும்புகிறது.

"இப்ப?" என்கிறது வெளிக்குரல்.

"த்ரீ... டூ... சீரோ!"

"வடிவு!"

வடிவு. யாழ்ப்பாணத்து வாய்க்கு அது சும்மா ஒரு சொல். நல்லது, சரி, அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் முப்பது வருடத்துக்குக் கிட்ட அவரோடு குடும்பம் நடத்திய நான் ஒருநாளும் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. எங்கள் கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லும்போது குருவானவர் ஒன்று சொல்ல, சனம் ஒன்று சொல்லும். அந்த இரண்டு குரல்களும் அதைப்போலவே ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டுப் போகின்றன. அந்த மன்றாட்டில் எனக்கு ஆமென் சொல்லக்கூட இடமில்லை.

வெளிக்குரலின் பெயர் தர்ஷினி.

ஒரு வாசகியின் கேள்வி

சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த ஒரு சகோதரி, "உங்கள் தையல் வேலையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே" என்று கேட்டிருந்தார். வேண்டுமென்று விட்டதல்ல. அவருடைய வேலையைச் சொன்னால் தர்ஷினியையும் சொல்ல வேண்டும். அதனால் பேனா தயங்கியது.

என் கணவர் ஜெரோம், கப்பல்களின் திசைகாட்டியைச் சரிசெய்பவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அவருடைய வேலையறை இருக்கிறது. கீழே முன்னறையில் என்னுடைய தையல் மெசின். "உங்க ரெண்டு பேருக்கும் ஊசிதான் சோறு போடுது" என்று தெருவில் பகிடி பண்ணுவார்கள்.

இந்தக் காலத்தில் திசைகாட்டி யாருக்கு வேண்டும், போனிலேயே வழி தெரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன், கல்யாணப் பேச்சு வந்தபோதே. அப்போது போன் இல்லை, ஆனால் பெரிய கப்பல்களில் வேறு கருவிகள் இருக்கின்றன என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்பது அவருடைய கவலை. ஜெரோம் சொன்ன பதில் இது: "கரண்ட் போனா மற்றது எல்லாம் செத்துப்போகும், மாமா. ஊசி சாகாது."

அதனால்தான் எவ்வளவு பெரிய கப்பலானாலும், எவ்வளவு சின்ன உயிர்காப்புப் படகானாலும், காந்த ஊசி ஒன்று இருந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த ஊசிக்கு ஒரு குணம். பக்கத்தில் இரும்பு இருந்தால் வடக்கை விட்டுவிட்டு அதன் பக்கம் சாயும். கப்பலோ முழுக்க இரும்பு. எனவே எந்தப் பக்கம் திரும்பும்போது எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, பெட்டிக்குள் எதிர்க் காந்தங்களை வைத்து, அந்தச் சாய்வை இல்லாமல் செய்ய வேண்டும். அதற்குத்தான் கப்பலைக் கடலுக்குள் கொண்டுபோய் ஒரு முழு வட்டம் சுற்றுவது. எல்லாம் முடிந்தபின்பு மிஞ்சிய சில்லறைப் பிழைகளை ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பார்கள். அந்த அட்டையை நம்பித்தான் கப்பல் போகும்.

அவருக்குக் கப்பல் மட்டும் என்றில்லை. எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ரபீக் நானா புது வீட்டுக்குப் போனபோது, "தம்பி, ஒருக்கா வந்து கிப்லா பார்த்துத் தாங்களேன், போன் ஒவ்வொரு அறையில ஒவ்வொரு பக்கம் காட்டுது" என்று கூப்பிட்டார். ஜெரோம் போய், ஜன்னல் கம்பியை விட்டு, இரும்பு அலுமாரியை விட்டு, கடைசியில் மொட்டைமாடியில் நின்று ஊசியைப் பார்த்துத் திசை சொன்னார். நானா இன்றைக்கும் அந்தத் திசையை நோக்கித்தான் தொழுகிறார். வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஊசி வைத்துப் பார்த்துவிட்டு வீடு வாங்குகிற ஆட்களும் வருவார்கள். அவர்களுக்கு ஜெரோம் திசையை மட்டும் சொல்வார். நல்லதா கெட்டதா என்று கேட்டால், "அது ஊசிக்குத் தெரியாது" என்பார்.

இப்படி ஊருக்கெல்லாம் திசை சொன்ன மனிதர் வீட்டில் வாய் திறப்பதில்லை. சாப்பிட்டீங்களா என்றால் ஓம். உப்பு சரியா என்றால் ஓம். என் பெயர் ரெஜினா. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் என்று எனக்கே நினைவில்லை. "இஞ்ச" என்பார். நான் போவேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வெளியே போனபின்பு அந்த "இஞ்ச" கூடக் குறைந்துவிட்டது.

தர்ஷி

அட்டையில் கையெழுத்து வைக்க அதற்கான சான்றிதழ் உள்ள ஒருவர் வேண்டும். ஜெரோமின் கை காந்தத்தைச் சரியாக வைக்கும், ஆனால் அவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. பல வருடம் அவரோடு வேலை செய்த கப்டன் ஒருவர் கையெழுத்திட்டார். அவர் மகனோடு கனடாவுக்குப் போனார். கொஞ்சக் காலம் வேலை நின்றுவிட்டது. அப்போதுதான், வெளிநாட்டுக் கப்பல்களில் அதிகாரியாக வேலை செய்துவிட்டு, தாயாரைப் பார்க்க ஆளில்லை என்று கரைக்கு வந்திருந்த ஒரு பெண்ணை யாரோ அறிமுகம் செய்தார்கள். வெள்ளவத்தைப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணம் செய்யவில்லை.

முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்று, "ஜெரோம் இருக்கிறாரா?" என்று கேட்டாள். ஜெரோம் அண்ணா இல்லை, ஜெரோம் சேர் இல்லை. வெறும் ஜெரோம். கப்பலில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இரண்டாம் மாதம் இவர் அவளைத் "தர்ஷி" என்றார்.

கட்டை முடி. நகப்பூச்சு இல்லை. வெயிலில் கறுத்த கை. அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கூடுதல் கரைச்சல். அழகி என்றால் காரணம் தெரிந்திருக்கும்.

சாயந்தரமானால் போன் வரும். இவர் மேல்மாடிக்குப் போவார். என் மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். "டீவியேஷன்" என்று கேட்கும். "அந்த பி மக்னெட்" என்று கேட்கும். ஒரு நாளைக்கு என்னோடு பத்துச் சொல் பேசுகிற மனிதர், அங்கே குழாயைத் திறந்துவிட்டதுபோலப் பேசிக்கொண்டிருப்பார். கெட்ட பேச்சு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கெட்ட பேச்சு என்றால் சண்டை பிடித்திருக்கலாம். "பி மக்னெட்டைப் பற்றி ஏன் அவளோடு கதைத்தீர்கள்" என்று எந்தப் பெண் சண்டை பிடிப்பாள்?

எனக்குப் பொறாமை புதிதல்ல. பள்ளிக்கூட நாளில் பிலோமினா என்றொருத்தி. கிறிஸ்து பிறந்த நத்தார் பூசையில் தனிக்குரலில் பாட அவளைத்தான் எடுப்பார்கள். ஒரு வருடம் நான் கோயிலில் முழந்தாளிட்டு, அவளுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டைக்கட்டு வரவேண்டும் என்று வேண்டினேன். வந்தது. என் வேண்டுதல்களில் ஆண்டவர் உடனே கேட்டது அது ஒன்றுதான். ஆனால் என்னையும் பாட எடுக்கவில்லை. வேறு ஒருத்தியை எடுத்தார்கள்.

இறால் குழம்பு

எதிரியை அவள் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் புறப்பட்டேன். இறால் குழம்பு வைத்து, சட்டியைத் துணியால் கட்டி, பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கை. மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது தர்ஷினியின் தாயார். கைத்தடியோடு நின்று, சட்டியைப் பார்த்தார், மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

எனக்கு எப்படி அது மறந்தது! ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் நான். வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பொறாமை புத்தியை அப்படித்தான் மறைக்கும்.

தர்ஷினி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அக்கா! சொல்லாமல் வந்திருக்கிறீங்கள். வாங்கோ, இருங்கோ." பிளேன்டீ தந்தாள். வீட்டை நான் கண்ணால் துழாவினேன். ஒரு கட்டில் தாயாருக்கு, ஒன்று அவளுக்கு. மருந்துப் போத்தல்கள். ஜன்னலுக்கு வெளியே கடல். என் கணவரின் அடையாளம் ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் புறப்படும்போது அவள் சொன்னாள்:

"ஜெரோம் போன கிழமை முழங்கால் நோ எண்டவர். இப்ப எப்படி, அக்கா?"

எனக்கு முழங்கால் நோ தெரியாது. "இப்ப பரவாயில்ல" என்றேன். பஸ்ஸில் இறால் மணத்தோடு, மூடிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பெண் சட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அன்றிரவு கேட்டேன். "முழங்கால் நோகுதா?"

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லையே."

படகுக்கு வரலாம் என்று உத்தரவு

அதற்குப்பின் சில மாதம் கழித்து அந்தப் படகு வேலை வந்தது. திமிங்கலம் பார்க்க வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிற படகு. உள்ளே நிறைய இரும்பு வேலை செய்து புதுப்பித்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்கள் ஏறுவதற்கு முன் திசைகாட்டி அட்டை வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார்.

"நானும் வந்து பாக்கட்டா?" என்றேன்.

ஜெரோம் சோற்றிலிருந்து தலையை உயர்த்தினார். "நீயா? என்னத்தப் பாக்க? ஒரு பெட்டி, ஒரு ஊசி."

"பாத்திட்டு வாறனே."

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். சாயந்தரம் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, "தர்ஷி சொன்னா, கூட்டிக்கொண்டு வரட்டாம். கடல் நல்லா இருக்காம்" என்றார்.

என் புருஷனோடு போக அவள் உத்தரவு.

படகில் ஏறியவுடன் ஜெரோம் எச்சரித்தார். "போனை அந்தப் பக்கம் வை. கொம்பஸுக்குக் கிட்ட கொண்டுவராத." போனைப் பின்னால் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைப்பையைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். வடக்கில் சீரோ. கிழக்கில் சீரோ. வடிவு, வடிவு. ஒவ்வொரு திசையும் முடிய, தர்ஷினி உள்ளே வந்து திசைகாட்டியை எட்டிப் பார்ப்பாள். குனியும்போது அவளுடைய தோள் ஜெரோமின் தோளுக்குப் பக்கத்தில் வரும். அந்த நேரம் நான் கைப்பையை மடியிலிருந்து எடுத்து இருக்கையின் அந்த ஓரத்தில் வைப்பேன். அவள் வெளியே போனதும் மடிக்கு எடுப்பேன். ஒரு தடவை கீழே, காலடியில் வைத்தேன். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மீண்டும் வடக்கு வந்தது. சரிபார்க்க மட்டும்.

"நோத்!"

ஜெரோம் திசைகாட்டியின் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"நோத், ஜெரோம்!"

"ஃபைவ்... வெஸ்ட்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன? அது சீரோ எடுத்ததல்லோ?"

இன்னொரு வட்டம். இந்தத் தடவை கிழக்கில் பிழை. காந்தத்தை மாற்றினார். மறுபடி வடக்கு. வேறொரு எண். அவருடைய பின்கழுத்தில் வியர்வை ஓடியது. சட்டையின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. காந்தக் குச்சி ஒன்று அவர் கைதவறித் தரையில் உருண்டது. 

முதலாளி வாசலில் வந்து நின்றார். "தவ வெலா யனவாத?" இன்னும் நேரம் போகுமா என்று சிங்களத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுச் சுக்கான் பிடிப்பவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஜெரோம் அதைப் பார்த்துவிட்டார்.

"பொட்டக், மாத்தயா, பொட்டக்." கொஞ்சம் பொறுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. சந்தோஷம். வெளியே நிற்கிறவள் தப்பாகச் சொல்கிறாள், அவளால்தான் இவருக்கு இந்த அவமானம், இனி "வடிவு" இல்லை என்று நினைத்தேன். இரக்கம் பிறகுதான் வந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு.

தர்ஷினி உள்ளே வந்தாள்.  மேலே பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மரப்பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள், சுக்கான் பிடிப்பவனின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல. மடியை.

"அக்கா, கைப்பையைத் தாங்கோ. வெயில் படாத இடத்தில வைக்கிறன்."

"பரவாயில்ல, என்ட கையிலயே இருக்கட்டும்."

"தாங்கோ, அக்கா." மெல்லிய குரல். ஆனால் கப்பலில் ஆட்களை ஏவிய குரல். கொடுத்துவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு படகின் பின்கோடிவரை போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஸொரி, ஜெரோம். என்ட பிழை. வோக்கி டோக்கியை இந்தத் தட்டில வச்சிட்டு மறந்துபோனன். எடுத்திட்டன். திரும்ப முதல்ல இருந்து செய்வம்."

ஜெரோம் நெற்றியைத் துடைத்தார். "அட, அதுவா? பரவாயில்ல, தர்ஷி. அப்படி நடக்கிறதுதான்."

அப்படி நடக்கிறதுதான்! உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர்.

அதன்பின் ஊசி ஒழுங்காக நின்றது. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, இடைத் திசைகள் எல்லாம். முதலாளி எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார்.

இறங்குதுறையில்

ஜெரோம் முதலாளியோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார். தர்ஷினி என் கைப்பையைக் கொண்டுவந்து தந்தாள்.

"உள்ளுக்கு என்ன அக்கா வச்சிருக்கிறீங்கள்?"

திறந்து பார்த்தேன். பவுடர் டப்பா, செபமாலை, அளவுநாடா. அடியில், வட்டமாக, கறுப்பாக, என் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கீழே விழுகிற குண்டூசிகளைக் கூட்டி எடுக்க, கல்யாணமான புதிதில் ஜெரோம் எனக்குத் தந்தது. முதல்நாள் ஜிந்துப்பிட்டியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு பிளவுஸ் அளவு பார்க்கப் போய், அங்கே ஊசிகளைப் பொறுக்கிவிட்டுப் பைக்குள் போட்டிருந்தேன். போனைத் தூரவைக்கச் சொன்னார், வைத்தேன். இது என் நினைவிலேயே இல்லை.

எனக்குக் காது சூடாகியது.

"நல்ல காலம் நீங்கள் அதை இஞ்ச அங்க மாத்திக்கொண்டு இருந்தனீங்கள்" என்றாள் அவள். "ஒரே இடத்தில வச்சிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்காது. அதுக்கு ஏத்த மாதிரி காந்தத்தை வச்சு, சரி எண்டு நானும் கையெழுத்துப் போட்டிருப்பன். நீங்கள் பையோட இறங்கிப் போயிருப்பீங்கள். சனிக்கிழமை அந்தப் படகு அந்த அட்டையை நம்பிச் சனத்தை ஏத்திக்கொண்டு போயிருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க? என்ட பேக் எண்டு சொல்லியிருக்கலாமே."

"முதலாளிக்கு முன்னால உங்களை அவர் ஏசியிருப்பார், அக்கா." தலைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "எனக்கு ஏசமாட்டார்."

நல்ல மனத்தோடு சொன்ன சொல். என்னைக் காப்பாற்றிவிட்டுச் சொன்ன சொல். அதை அவள் ஒரு கத்தியாக நினைக்கவே இல்லை. ஆனால் வீடு வரும்வரை த்ரீவீலில் எனக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஏசமாட்டார். எனக்கு ஏசமாட்டார்.

ஏச்சு

வீட்டுக்கு வந்து, அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன். அவளுடைய இரக்கத்தை ஒரு நாளும் வீட்டுக்குள் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

"வோக்கி டோக்கி இல்ல. என்ட பேக்தான். காந்தம் இருந்திச்சு."

"எந்தக் காந்தம்?"

எடுத்துக் காட்டினேன்.

அவர் ஏசினார். தெருவுக்குக் கேட்க ஏசினார். மூளை இருக்கா என்றார். அந்த முதலாளி என்னைப் பார்த்துச் சிரிச்சான் என்றார். ஒரு படகு பாறையில ஏறியிருந்தா யாரு பொறுப்பு என்றார். எல்லாம் நியாயம். நான் வாங்கிக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கி அவர் நிறுத்தியபோது கேட்டேன்:

"இது தர்ஷினியின்ட பேக்கா இருந்திருந்தா இப்படி ஏசியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அது ஒரு குறை. "இல்ல" என்றார்.

"ஏன்?"

"அவ போயிருவா. அவ போனா வேல நிண்டிரும்." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "நீ போகமாட்டாய்" என்றார்.

அடுத்த நாள் காலை, இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு கொலன்னாவையில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

சண்டை பிடித்துப் போகவில்லை. சோறு சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் போனேன். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்து ஒழுங்கையில் தம்பி வீடு. "என்ன அக்கா, திடீரெண்டு?" என்றான். "சும்மா" என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுடைய பிள்ளைகளின் சீருடைக்கெல்லாம் பொத்தான் தைத்தேன். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்நேரம் தர்ஷி முழங்கால் நோவைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க ஊசி விரலில் குத்தியது.

ஒரு கிழமைக்குக் கிட்டப் போனபின், ஒரு மாலை ஜெரோம் வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பாண் ரொட்டி. தம்பி வீட்டுக்குப் பாண் கொண்டுவருகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார்.

"பிளவுஸ் கேட்டு ஆக்கள் வந்திட்டுப் போறாங்க."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

கையிலிருந்த பாணைப் பக்கத்தில் வைத்தார். "நீ போகமாட்டாய்னு சொன்னது பிழை" என்றார்.

"எத்தின டிகிரி?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். அவருடைய மொழியில் நான் விட்ட ஒரே பகிடி. அவர் சிரிக்கவில்லை. "சரியான பிழை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவவோட அவ்வளவு கதைக்கிறீங்களே."

"அது ஊசியப் பத்தித்தான், ரெஜி."

ரெஜி. எத்தனை வருடத்துக்குப் பிறகு! ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அதை எனக்கும் சொல்லுங்க. இப்ப சொல்லுங்க."

சொன்னார். தம்பியின் மனைவி வைத்த டீ ஆடை படிந்து ஆறும்வரை சொன்னார். கப்பலைக் கட்டும்போது அது எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்ததோ, அதை அந்த இரும்பு மறக்காதாம். சம்மட்டியால் அடிக்க அடிக்க, சூடு வைக்க வைக்க, அந்தத் திசை இரும்புக்குள் இறங்கிவிடுமாம். பிறகு உலகமெல்லாம் சுற்றினாலும், கட்டின இடத்தில் படுத்திருந்த பக்கம் அதற்குள் இருக்குமாம். அதற்கு எதிராகத்தான் இவர் காந்தம் வைக்கிறாராம்.

எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி அவ்வளவு அழகாக இருந்தது. உடனே நெஞ்சில் சுருக்கென்றது.

"இதையெல்லாம் முதல்ல அவளுக்குத்தானே சொன்னீங்க?"

"அவவுக்கு நான் சொல்லல்ல" என்றார், குழம்பிப்போய். "அவவுக்குத் தெரியும்."

அன்றே அவரோடு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டார்.

இப்போது

தர்ஷினி இன்றைக்கும் இவரோடுதான் வேலை செய்கிறாள். அவளுடைய தாயாரின் பிளவுஸ்களை நான்தான் தைக்கிறேன். இறால் குழம்பு வியாழக்கிழமைகளில் போகிறது. அவள் நல்ல பெண். இதை எழுதுவதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவளைப் பிடிக்கும் என்று எழுதத்தான் இன்னும் கை வரவில்லை.

போன் வந்தால் ஜெரோம் மேல்மாடிக்குப் போவதில்லை. முன்னறையிலேயே, என் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிறார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவராகச் செய்கிறார். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கேட்கச் சலிப்பாகக்கூட இருக்கிறது.

போன கிழமை ஒரு பழைய சரக்குக் கப்பல் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். சாயந்தரம் போன் வந்தது. அவள் ஏதோ கணக்குப் பார்த்துச் சொன்னாள். "ஜெரோம், சவுத் வெஸ்டில எவ்வளவு தெரியுமோ? பதினொண்டரை!"

இவர் போனைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வர, மூச்சுப் பிடிக்க முடியாமல், இரண்டு பேரும் சிரித்தார்கள். "பதினொண்டரை!" என்று இவர் மறுபடி சொல்ல, மறுபடி சிரிப்பு.

நான் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம். கேட்டால் இப்போதெல்லாம் சொல்வார், பொறுமையாக, விளங்கும்வரை சொல்வார். ஆனால் கேட்டு விளங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு வேறு.

காலால் மிதித்து மெசினை ஓட்டினேன்.